மொத்தக் கணக்குக்குள் புதைக்கப்படும் பட்டறைகள்

பிரெக்ஸிட்டால் பிரிட்டனின் வணிகத்துக்குச் சொல்லும்படியான கேடு எதுவும் நேரவில்லை என்று ஒரு தரப்பு விடாமல் சொல்லிவருகிறது. 2024 பிப்ரவரியில் லண்டனின் ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் எகனாமிக் அஃபயர்ஸ்’ வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு அந்தத் தரப்புக்குப் புதுத் தெம்பு வந்திருக்கிறது. மேடைப் பேச்சானாலும் பத்திரிகைப் பத்தியானாலும் அவர்களுடைய வாதம் நான்கு கால்களில் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஒப்பந்தத்தில் சுங்கவரி பூஜ்யம், ஆகவே தொழிற்சாலைகள் குறை சொல்ல இடமில்லை. ஏற்றுமதித் தொகை 2019-ஐவிட ஏறித்தான் இருக்கிறது. எங்காவது இறங்கியிருந்தால் அதற்குக் கொரோனாவும் உக்ரைன் போரும் காரணம். நாலு படிவம் நிரப்புவதற்கே திணறும் ஆலைகள் எப்படியும் நிலைத்திருக்கப்போவதில்லை.

நான்கையும் பொறுமையாகப் படித்தேன். முதல் மூன்றும் தவறு. நான்காவது தவறு என்பதோடு நிற்கவில்லை. இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் தலைமுறை தலைமுறையாகப் பட்டறை நடத்திவரும் மனிதர்களை அவமதிக்கிறது.

பூஜ்ய வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2020 டிசம்பர் 24 அன்று ஒப்பந்தம் முடிந்ததை அறிவித்த பிரதமர் போரிஸ் ஜான்சன், சுங்கவரி இருக்காது, வரியல்லாத தடைகளும் இருக்காது என்று நாட்டுக்குச் சொன்னார். இரண்டாவது பாதி, சொன்ன அன்றே பொய். முதல் பாதியும் முழு உண்மை இல்லை. அந்தப் பூஜ்யம் பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ பிறந்த சரக்குக்கு மட்டும்தான். எது எங்கே பிறந்தது என்பதை ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கை சரக்கு வாரியாகப் பக்கம் பக்கமாக வகுத்து வைத்திருக்கிறது.

நமக்குத் தெரிந்த பொருளையே பார்ப்போம். திருப்பூரில் பின்னிய பனியன் துணியை லெஸ்டர் நகரத் தையற்கூடம் ஒன்று வாங்கி, வெட்டித் தைத்து, டீ-ஷர்ட்டாக்கி டப்ளினில் உள்ள கடைக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 வரை அந்தத் துணி பிரிட்டனுக்குள் இறங்கும்போது கட்டவேண்டியதைக் கட்டினால் வேலை முடிந்தது. அதன் பிறகு டீ-ஷர்ட் டப்ளினுக்கும் போகும், மிலானுக்கும் போகும், யாரும் கேட்கமாட்டார்கள். 2021 ஜனவரி 1 முதல் அப்படியில்லை. துணி பின்னுவதும் தைப்பதும் ஆகிய இரண்டு வேலைகளும் ஒப்பந்த எல்லைக்குள் நடந்திருந்தால்தான் அந்தச் சட்டைக்குப் பிரிட்டிஷ் பிறப்பு. தையல் மட்டும் லெஸ்டரில் நடந்தால் போதாது. டப்ளினில் 12 சதவீதம் வரி விழும். வெட்டும் மேசை அதே இடத்தில் இருக்கிறது. தைப்பவர்களும் அவர்களேதான், வாங்கும் கடையும் அதேதான். 12 சதவீதம் மட்டும் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறது. சிறு தையற்கூடத்தின் லாபமே அந்த அளவுக்கு வராது.

பெரிய கடைக்கும் இந்த அடி விழுந்தது. ‘மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர்’ விற்கும் ‘பெர்சி பிக்’ மிட்டாய் ஜெர்மனியில் செய்யப்படுவது. அது பிரிட்டனுக்கு வந்து அங்கிருந்து அயர்லாந்துக்குப் போனால் வரி உண்டு என்று அந்த நிறுவனத்தின் தலைவர் 2021 ஜனவரியிலேயே சொன்னார். ஐரோப்பாவில் செய்த பண்டம் ஐரோப்பாவுக்கே திரும்பிப் போவதற்கு வரி. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்குச் சுங்க வேலை பார்க்கத் தனி இலாகா இருக்கிறது. பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இல்லை. தன் சரக்கின் ஒவ்வொரு பாகமும் எங்கே பிறந்தது என்று சப்ளையர்களிடம் உறுதிமொழி வாங்கி, அதை ஆண்டுக்கணக்கில் கோப்பில் வைத்திருக்கவேண்டும். நிரூபிக்கும் செலவைவிட வரியே பரவாயில்லை என்று கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பூஜ்ய வரி என்று பேசுவது அநியாயம்.

இப்போது வால்சாலுக்கு வருவோம். பர்மிங்காமை ஒட்டிய இந்த ஊர் குதிரைச் சேணத்துக்குப் பேர்போனது. ஊரின் கால்பந்து அணிக்கே சேணக்காரர்கள் என்றுதான் செல்லப்பெயர். அங்கே ஒரு சிறு பட்டறையிலிருந்து ஜெர்மனிக்கு ஒரு பேலட் சரக்கு போகும் வழியைப் பின்தொடர்ந்து பாருங்கள். 2020 வரை தேவைப்பட்டது ஒரு பில், ஒரு லாரி. லீட்ஸுக்கு அனுப்புவதற்கும் லைப்ஸிக்குக்கு அனுப்புவதற்கும் தூரம்தான் வித்தியாசம்.

இன்று அந்தப் பட்டறை முதலில் சுங்கத்தில் பதிவு எண் வாங்கியிருக்கவேண்டும். அனுப்பும் ஒவ்வொரு பொருளுக்கும் சரியான சரக்குக் குறியீட்டைக் கண்டுபிடிக்கவேண்டும். சேணத்துக்கு ஒன்று, வாருக்கு ஒன்று, பித்தளைக் கொக்கிக்கு ஒன்று. ஏற்றுமதிப் படிவத்தை நிரப்ப ஒரு கிளியரிங் ஏஜென்டுக்குக் கட்டணம். பில்லில் பிறப்பிட வாசகம், ஒப்பந்தத்தில் உள்ள சொற்களிலேயே. ஃபிரான்ஸ் வழியாகப் போனால் அந்தப் படிவத்தை லாரி எண்ணோடு முன்கூட்டியே இணைத்திருக்கவேண்டும். ஜெர்மனியில் இறங்கியதும் இறக்குமதிப் படிவம் இன்னொன்று, 19 சதவீத விற்பனை வரி, அதை யார் கட்டுவது என்ற பேச்சுவார்த்தை. சரக்கை விடுங்கள், அது உட்கார்ந்திருக்கும் மரப் பேலட்டுக்கே விதி இருக்கிறது. மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி வெப்பம் தொடர்ந்து 30 நிமிடம் ஏற்றி, கோதுமைக் கதிர் போட்ட முத்திரை குத்தியிருந்தால்தான் அந்தப் பேலட் ஐரோப்பாவுக்குள் நுழையலாம். 2020 டிசம்பர் 31 வரை பட்டறையின் கொல்லையில் கிடந்த எந்தப் பேலட்டிலும் சரக்கை ஏற்றி அனுப்பலாம். மறுநாள் காலையிலிருந்து முடியாது.

இதில் எந்த ஒன்றும் தனியாகப் பார்த்தால் மலை இல்லை. எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஒரு படிவத்துக்குச் சராசரியாக 32.50 பவுண்டு ஆகும் என்று பிரிட்டனின் வருவாய், சுங்கத் துறைத் தலைவரே 2018-ல் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். கூடுதலாக ஆண்டுக்கு 21.5 கோடி படிவங்கள் வேண்டியிருக்கும், தொழில்களுக்கு ஆண்டுக்கு 750 கோடி பவுண்டு செலவாகும் என்று அந்தத் துறை 2019-ல் மதிப்பிட்டது. ஒப்பந்தமில்லாமல் வெளியேறினால் என்ற நிலைமைக்குப் போட்ட கணக்கு அது என்று சிலர் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். ஒப்பந்தம் வரியைத்தான் எடுத்தது, படிவத்தை எடுக்கவில்லை.

அந்தச் செலவு சரக்கின் மதிப்பைப் பார்த்து விழுவதில்லை. ஒரு மூட்டைக்கும் ஒரு லாரிக்கும் ஒரே சுங்கம் வாங்கும் சாவடி இது. பத்து லட்சம் பவுண்டு மதிப்புள்ள எந்திரத்துக்கு ஆகும் காகிதச் செலவு கணக்கில் தெரியாது. எண்ணூறு பவுண்டு சேணத்துக்கு அதே செலவு விலையையே மாற்றிவிடும். செஷயரில் சீஸ் பரிசுப் பெட்டிகளை ஐரோப்பிய வீடுகளுக்குத் தபாலில் விற்றுவந்த ஒரு நிறுவனத்துக்கு, 30 பவுண்டு பெட்டி ஒவ்வொன்றுக்கும் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட 180 பவுண்டு சான்றிதழ் வேண்டும் என்று 2021 ஜனவரியில் தெரியவந்தது. அந்த வியாபாரம் அதோடு நின்றது. வரி பூஜ்யம்தான்.

லாரிக்காரர்கள் பாஷையில் சொன்னால் இது பார்ட் லோடுக்கும் ஃபுல் லோடுக்கும் உள்ள வித்தியாசம். பெரிய ஆலை ஒரு லாரி முழுக்க ஒரே சரக்கை ஏற்றும். காகிதமும் ஒரே கட்டு. சிறு பட்டறை தன் பேலட்டை இருபது பேருடைய சரக்கோடு சேர்த்து ஏற்றிவிடும். அந்த இருபதில் ஒருவருடைய குறியீட்டு எண் தப்பினால் லாரி முழுதும் நிற்கும். பத்தொன்பது பேர் ஒழுங்காக எழுதியிருந்தும் பயனில்லை. அதனால் கலப்புச் சரக்கை எடுக்கவே லாரி கம்பெனிகள் தயங்கின; எடுத்தவர்களும் வாடகையை ஏற்றினார்கள். 2021 ஜனவரி முதல் வாரத்திலேயே டி.பி.டி. கூரியர் நிறுவனம் ஐரோப்பாவுக்கான தரைவழிச் சேவையைச் சில நாட்கள் நிறுத்தியது. வந்த பார்சல்களில் ஐந்தில் ஒன்றுக்கு விவரங்கள் தவறாகவோ அரைகுறையாகவோ இருந்தன என்று காரணம் சொன்னது. அந்த ஐந்தில் ஒன்று யாருடையது? சுங்கப் படிவத்தை வாழ்நாளில் பார்த்திராதவர்களுடையது. ஒப்பந்தம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே, கிறிஸ்துமஸ் விடுமுறையோடு சேர்த்து, ஒரு வாரம்தான் அவர்களுக்குக் கிடைத்தது.

அரசு என்ன செய்தது? அதே மாதத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு கிளை நிறுவனத்தைத் தொடங்கி அங்கிருந்து விநியோகியுங்கள் என்று அரசின் வணிக ஆலோசகர்களே தொழிலதிபர்களுக்கு யோசனை சொன்னார்கள். பணமிருந்தவர்கள் நெதர்லாந்தில் கிடங்கு பிடித்தார்கள். பிரிட்டனில் இருக்கவேண்டிய வேலைகள் அங்கே போயின. பணமில்லாதவர்களுக்காக அரசு ஓர் உதவி நிதி அறிவித்தது. ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 2,000 பவுண்டு.

இரண்டாவது காலுக்கு வருகிறேன். 2019-ஐவிட 2022-ல் ஏற்றுமதித் தொகை கூடியிருக்கிறதே என்கிறார்கள். பவுண்டில் எண்ணினால் கூடியதுதான். 2022 அக்டோபரில் பிரிட்டனின் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டது. விலைவாசி அப்படி ஏறும்போது தொகை ஏறாமல் இருந்தால்தான் அதிசயம். அதோடு, அந்த ஆண்டு ரஷ்ய எரிவாயு நின்றுபோனதால் ஐரோப்பா தவித்தது. திரவ எரிவாயு கப்பல் கப்பலாக வந்து மில்ஃபர்ட் ஹேவனிலும் ஐல் ஆஃப் கிரெய்னிலும் இறங்கி, குழாய் வழியாக பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் போனது. அதுவும் பிரிட்டனின் ஏற்றுமதி என்றுதான் கணக்கில் ஏறியது. எரிவாயுவின் விலையோ வரலாறு காணாத உச்சத்தில். குழாயில் ஓடிய வாயுவின் தொகையை வைத்துக்கொண்டு வால்சால் சேணத்துக்கும் லெஸ்டர் சட்டைக்கும் ஒரு குறையும் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இதைத் தெரிந்தே எழுதியிருந்தால் நேர்மை இல்லை. தெரியாமல் எழுதியிருந்தால் தொழிலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை.

பிரெக்ஸிட்டால் நீண்டகாலத்தில் 4 சதவீத உற்பத்தித்திறன் இழப்பு என்று பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் சொன்ன எண்ணைத் தாக்குவதில்தான் அவர்கள் அதிகச் சக்தியைச் செலவழிக்கிறார்கள். அது வெறும் அனுமானம், வெளியே செய்த பதின்மூன்று ஆய்வுகளின் சராசரி என்கிறார்கள். இருக்கட்டும், அந்த எண்ணை நான் ஓரமாக வைத்துவிடுகிறேன். முன்கணிப்பை விட்டுவிட்டு நடந்ததை எண்ணியவர்களிடம் போவோம். லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் பொருளாதாரச் செயல்திறன் மையம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நிறுவனங்களின் சுங்கத் தரவை எடுத்துப் பார்த்து 2024 டிசம்பரில் ஆய்வு வெளியிட்டது. புதிய ஒப்பந்தத்தால் பிரிட்டனின் மொத்தச் சரக்கு ஏற்றுமதி 6.4 சதவீதம், 2022-ல் ஏறத்தாழ 2,700 கோடி பவுண்டு, குறைந்தது என்று அது கண்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்ட நிறுவனங்கள் ஏறத்தாழ 16,400. முன்பு அனுப்பிவந்தவற்றில் 14 சதவீதம். பெரிய நிறுவனங்களின் ஏற்றுமதி ஏறக்குறைய அப்படியே நீடித்தது. விழுந்தவை சிறியவை.

பர்மிங்காமின் ஆஸ்டன் பல்கலைக்கழகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு வேறு முறையில் கணக்கிட்டது. பிரெக்ஸிட் நடக்காதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவோடு ஒப்பிட்டு, 2021 முதல் 2023 வரை ஒன்றியத்துக்குப் போன சரக்கின் மதிப்பு 27 சதவீதமும் அங்கிருந்து வந்த சரக்கின் மதிப்பு 32 சதவீதமும் குறைவு என்றது. இரண்டு ஆய்வுகளின் எண்களும் ஒன்றில்லை. முறை வேறு, கேட்ட கேள்வியும் வேறு. ஆனால் இரண்டும் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன.

இந்த 16,400 நிறுவனங்களும் சேர்ந்து ஏற்றுமதி செய்த தொகை மொத்தத்தில் சொற்பம்தானே என்று உடனே பதில் வருகிறது. சொற்பம்தான். மொத்தக் கணக்கின் சூழ்ச்சியே அதுதான். விமான எஞ்சினும் மருந்தும் அடங்கிய கூட்டுத்தொகையில் பதினைந்து பேர் பட்டறையின் இழப்பு தசமப் புள்ளிக்கு அப்பால் போய்விடும். ஆனால் அந்தப் பட்டறை இருக்கும் தெருவில் அது தசமப் புள்ளி இல்லை. அங்கே வேலை பழகும் பையன்களுக்கு வேறு பட்டறை இல்லை. தோல் பதனிடுபவருக்கும் கொக்கி வார்ப்பவருக்கும் பேக்கிங் பெட்டி செய்பவருக்கும் அதுதான் வாடிக்கையாளர். இன்னொன்றும் இருக்கிறது: இன்றைய பெரிய ஏற்றுமதியாளர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் ஒரு பேலட்டோடு தொடங்கியவர்கள். வெளிநாட்டுச் சந்தைக்குள் காலெடுத்து வைக்கும் முதல் படி அடுத்த நாட்டுக்கு அனுப்பும் அந்த ஒரு பேலட்தான். அந்தப் படியை வெட்டிவிட்டு, மேலே ஏற்கெனவே நிற்பவர்களைக் காட்டி எல்லாம் நலம் என்பது மோசடி.

இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்தப் பட்டறைகளில் பெரும்பாலானவை பூட்டப்படவில்லை. ஜெர்மன் கடைக்காரர் அடுத்த ஆர்டரைத் தரவில்லை, அவ்வளவுதான். இத்தாலியிலோ போலந்திலோ செய்பவரிடம் வாங்கினால் அவருக்குப் படிவமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. வராத ஆர்டருக்குச் செய்தித்தாளில் இடம் கிடையாது.

மூன்றாவது கால், கொரோனாவும் போரும். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா மூடலையும் பிரெக்ஸிட் தலையில் கட்டுபவன் நான் இல்லை. ஸ்டோக்-ஆன்-ட்ரெண்டின் பீங்கான் தொழிலை இன்று நெரிப்பது முதன்மையாகச் சூளைக்கு எரியும் எரிவாயுவின் விலை. ஸ்விண்டன் ஹோண்டா ஆலை 2021 ஜூலையில் மூடியதற்கு பிரெக்ஸிட் காரணமில்லை என்று ஹோண்டாவே சொன்னது. அதை நான் மறுக்கவில்லை. பிரிட்டனின் கார் உற்பத்தி 2016-ல் 17.2 லட்சமாக இருந்து 2024-ல் 7.8 லட்சத்துக்குச் சரிந்ததில் சிப் தட்டுப்பாட்டுக்கும் மாடல் மாற்றங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் கொரோனா பிரெஞ்சுத் துறைமுகமான கலேயில் நின்றுவிடவில்லை. உக்ரைன் போரின் சூடு பிரிட்டனைவிட ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் அதிகம் பட்டது. எல்லோருக்கும் வந்த நோயை வைத்து ஒருவருக்கு மட்டும் ஏற்பட்ட நலிவை விளக்க முடியாது. மேலே சொன்ன ஆய்வுகள் அந்தப் பொதுக் காரணங்களைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தை அளந்தன. அதைப் படிக்காமல் கொரோனா கொரோனா என்பவர்களிடம் என்ன பேசுவது?

ஆரம்பக் கோளாறு, போகப் போகச் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். ‘யு.கே.சி.ஏ.’ முத்திரையின் கதையைப் பாருங்கள். ஐரோப்பாவின் ‘சி.இ.’ முத்திரைக்குப் பதிலாகப் பிரிட்டன் தனக்கென்று ஒரு தர முத்திரையைக் கண்டுபிடித்தது. முதலில் 2022 ஜனவரிக்குள் மாறவேண்டும் என்றது. பிறகு 2023 ஜனவரி என்றது. பிறகு 2024 டிசம்பர். 2023 ஆகஸ்டில், பெரும்பாலான தொழிற்சாலைப் பொருட்களுக்குச் சி.இ. முத்திரையே காலவரையின்றிப் போதும் என்று அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் அரசை நம்பி, முதல் கெடுவுக்குள் முடிக்கவேண்டும் என்று சோதனைக்கூடத்துக்குப் பணம் கட்டி, அச்சு மாற்றி, லேபிள் மாற்றி வைத்திருந்த சிறு உற்பத்தியாளருக்கு அந்தப் பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை. சொல்பேச்சு கேட்டவர்கள் தண்டம் கட்டினார்கள். இதற்கிடையில் பிரிட்டிஷ் சோதனைக்கூடங்களின் சான்றுகளை ஐரோப்பா 2021 ஜனவரி 1 முதல் ஏற்பதில்லை. மான்செஸ்டரில் செய்த மின்கருவிக்கு மான்செஸ்டரிலேயே வாங்கிய சான்று கலேயைத் தாண்டினால் செல்லாது.

டீஸ்சைடிலும் ஹம்பர் கரையிலும் உள்ள ரசாயன ஆலைகளுக்கு இன்னொரு சுமை. ஐரோப்பாவின் ரசாயனப் பதிவுச் சட்டத்தை அப்படியே நகலெடுத்து பிரிட்டன் தனக்கொன்று வைத்துக்கொண்டது. ஆனால் பதிவுக்கான சோதனைத் தரவுகள் ஐரோப்பியப் பதிவேட்டில் இருக்கின்றன, அவற்றுக்கு உரிமையாளர்கள் வேறு. அதே வேதிப்பொருளுக்கு அதே தரவை மறுபடியும் காசு கொடுத்து வாங்கி, மறுபடியும் பதிய வேண்டும். தொழிலுக்கு ஆகும் செலவு 200 கோடி பவுண்டு அளவில் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் துறையே மதிப்பிட்டது. கெடுவைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். தேதி தெரியாததே பெரிய செலவு. முதலீட்டைத் தள்ளிப்போட அதைவிட வேறு காரணம் தேவையில்லை.

இதில் வேதனையான அநீதி ஒன்று உண்டு. ஐரோப்பா தன் எல்லைச் சோதனைகளை முதல் நாளிலிருந்தே தொடங்கியது. பிரிட்டனோ உணவு, தாவரப் பொருட்கள் உள்ளே வருவதற்கான சோதனைகளை ஐந்து முறை தள்ளிவைத்து 2024-ல்தான் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக பிரெஞ்சு சீஸ் சான்றிதழ் இல்லாமல் செஷயருக்கு வரலாம், செஷயர் சீஸ் சான்றிதழ் இல்லாமல் பிரான்ஸுக்குப் போகமுடியாது. தன் நாட்டு உற்பத்தியாளரை விடப் பக்கத்து நாட்டு உற்பத்தியாளருக்குச் சலுகை காட்டிய இந்த ஏற்பாட்டைத்தான் தன்னாட்சி மீட்பு என்று விற்றார்கள்.

சரி, நிசான்? இந்த வாதத்தில் கடைசியில் எல்லோரும் நிசானின் கார் ஆலை இருக்கும் சண்டர்லாந்துக்குத்தான் வருகிறார்கள். 2021 ஜனவரியில் நிசானின் உயர் அதிகாரி, பிரெக்ஸிட் தங்களுக்குச் சாதகமாக அமைந்தது என்று சொன்னது உண்மை. ஏன் அமைந்தது? ஆலைக்குப் பக்கத்திலேயே 2012 முதல் பேட்டரித் தொழிற்சாலை இருந்தது. பிறப்பிட விதியைச் சமாளிக்க, வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த பெரிய பேட்டரியையும் அங்கேயே வாங்குவதாக நிசான் அறிவிக்கமுடிந்தது. அதற்கு முன்பே, 2016 அக்டோபரில், வணிக அமைச்சர் கிரெக் கிளார்க் நிசானுக்கு உறுதிமொழிக் கடிதம் எழுதியிருந்தார். 2019 பிப்ரவரியில்தான் அது வெளியே வந்தது. ஆறாயிரம் பேர் வேலை செய்யும் ஆலைக்கு அமைச்சர் கடிதம் எழுதுவார். எழுதட்டும், அந்த வேலைகள் காப்பாற்றப்படவேண்டியவை. வால்சாலுக்கு யார் கடிதம் எழுதினார்கள்?

உலகச் சந்தை திறந்திருக்கிறதே என்ற பேச்சுக்கு அதிக இடம் தரத் தேவையில்லை. அரசின் சொந்த மதிப்பீடே போதும். ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தால் நீண்டகாலத்தில் பொருளாதாரத்துக்குக் கிடைப்பது 0.08 சதவீதம். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய ஒப்பந்தத்தால் 0.13 சதவீதம். இந்திய ஒப்பந்தம் திருப்பூருக்கு நல்ல செய்தி, ஸ்காட்லாந்து விஸ்கிக்கும் நல்ல செய்தி. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் மறுநாள் காலையில் ஒரு பேலட் போய்ச் சேரும் தூரத்தில் இருந்த சந்தைக்கு அது ஈடாகாது.

நான்காவது காலுக்கு வருகிறேன். திணறும் ஆலைகள் போகட்டும் என்ற வாதத்தை 2016 மார்ச்சிலேயே ஒருவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். வெளியேறும் தரப்பின் முன்னணிப் பொருளாதாரப் பேராசிரியர் பேட்ரிக் மின்ஃபர்ட், வெளியேறினால் காலப்போக்கில் உற்பத்தித் தொழில் பெரும்பாலும் இல்லாமல் போகும், வடிவமைப்பும் மார்க்கெட்டிங்கும் உயர் தொழில்நுட்பமும் மிஞ்சும், அதற்கு அஞ்சவேண்டாம் என்று ‘சன்’ பத்திரிகையில் எழுதினார். அவர் கருத்தை முற்றாக எதிர்க்கிறேன். ஆனால் வாக்கெடுப்புக்கு முன்பே சொன்ன நேர்மை அவரிடம் இருந்தது. அதை யாரும் ஹார்ட்டில்பூல் மேடையில் சொல்லவில்லை. ஹார்ட்டில்பூல் 69.6 சதவீதம், ஸ்டோக் 69.4, வால்சால் 67.9, சண்டர்லாந்து 61.3 என்று வெளியேறுவதற்கு வாக்களித்தன. உங்கள் ஆலை திரும்பிவரும், உங்கள் ஊர் நிமிரும் என்றுதான் அந்த மக்களிடம் பேசினார்கள். ஐரோப்பியச் சந்தையை அதிகம் நம்பியிருந்தவை லண்டனைவிட இந்தத் தொழில் வட்டாரங்கள்தான் என்று பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். அந்த மக்கள் முட்டாள்கள் இல்லை. முப்பது ஆண்டுகள் கைவிடப்பட்டவர்களுக்குக் கோபப்பட உரிமை இருந்தது. அந்தக் கோபத்தைக் கூலியில்லாமல் வாங்கிக்கொண்டு, இப்போது அவர்களுடைய பட்டறை மூடினால் அது திறமைக்குறைவு என்று எழுதுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிரஸ்ஸல்ஸ் பழிவாங்குகிறது என்ற குரலும் கேட்கிறது. வெளிநாட்டுச் சரக்குக்கான இந்த விதிகள் பிரிட்டன் உள்ளே இருந்தபோதே இருந்தவை; எழுதியதில் பிரிட்டனுக்கும் பங்கு உண்டு. ஒற்றைச் சந்தையை விட்டும் சுங்க ஒன்றியத்தை விட்டும் விலகுவோம் என்று 2017 ஜனவரியில் அறிவித்தவர் பிரதமர் தெரசா மே. அப்படி விலகினால் எந்த வகை ஒப்பந்தம் மிஞ்சும் என்று அதே ஆண்டு டிசம்பரில் ஒன்றியத்தின் தலைமைப் பேச்சுவார்த்தையாளர் மிஷேல் பார்னியே படிக்கட்டு வரைந்து காட்டினார். கடைசிப் படியில் போய் நின்றது லண்டனின் தேர்வு.

ஒற்றைச் சந்தையின் அருமை அவர்களுக்குத் தெரியாததும் இல்லை. 2023 பிப்ரவரி 28 அன்று, வட அயர்லாந்து வணிகம் குறித்த விண்ட்சர் உடன்பாட்டை விளக்க அங்குள்ள லிஸ்பர்னில் ஓர் ஆலைக்குப் போன பிரதமர் ரிஷி சுனக், பிரிட்டிஷ் சந்தையும் ஐரோப்பியச் சந்தையும் ஒருங்கே கிடைக்கும் இடம் உலகில் வேறெங்கும் இல்லை என்று தொழிலாளர்களிடம் வியந்து பேசினார். பிரெக்ஸிட்டுக்கு வாக்களித்தவர் அவர். 2020 இறுதிவரை அந்த நிலை லெஸ்டருக்கும் இருந்தது, டீஸ்சைடுக்கும் இருந்தது. லிஸ்பர்னுக்கு வரம் என்றால் வால்சாலுக்கு அது பறிபோனது இழப்பில்லையா?

இந்த வாதத்தை இவ்வளவு கடுமையாக மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கேடே நேரவில்லை என்று முடிவு கட்டிவிட்டால் பரிகாரம் கேட்க முடியாது. 2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சி மாநாட்டில் உணவுப் பொருள் சோதனைகளைத் தளர்த்தும் உடன்பாட்டுக்கு இரு தரப்பும் இசைந்தன. அதையே சரணாகதி என்று தூற்றியது இதே தரப்பு. செஷயர் சீஸ்காரருக்கு அதனால் வழி பிறக்கலாம். சேணத்துக்கும் சட்டைக்கும் மின்கருவிக்கும் அந்த மாநாட்டில் எதுவும் கிடைக்கவில்லை. கேட்கவேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. ஒருவர் சோதனைக்கூடத்தின் சான்றை மற்றவர் ஏற்கும் ஏற்பாடு ஒன்று. 2020-ல் பிரிட்டன் கேட்டு ஐரோப்பா மறுத்தது, மறுபடியும் கேட்கவேண்டும். துருக்கி, ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளின் பாகங்களையும் பிறப்பிடக் கணக்கில் சேர்த்துக்கொள்ள உதவும் ஐரோப்பிய-மத்தியதரைக் கடல் பிறப்பிட உடன்படிக்கை இன்னொன்று. ஐரோப்பிய ஆணையத்தின் வணிகப் பொறுப்பாளர் மரோஷ் ஷெஃப்சோவிச் 2025 ஜனவரியில் அந்தக் கதவு திறந்திருக்கிறது என்று அவராகவே சொன்னார். எந்த வட்டாரத்தில் எத்தனை நிறுவனங்கள் ஐரோப்பிய ஏற்றுமதியைக் கைவிட்டன என்ற கணக்கை ஆண்டுதோறும் அரசு வெளியிடவேண்டும். சுங்கத் துறையிடம் தரவு இருக்கிறது.

மின்கார்களுக்கான பிறப்பிட விதி கடுமையாவதை 2023 டிசம்பரில் மூன்று ஆண்டுகளுக்குத் தள்ளிவைத்தார்கள். அந்தச் சலுகை 2026 டிசம்பர் 31-உடன் முடிகிறது, மேலும் நீட்டிக்க முடியாதபடி 2032 வரை பூட்டும் போட்டிருக்கிறார்கள். பேட்டரி பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ பிறந்திராவிட்டால் அந்தக் காருக்கு 10 சதவீத வரி. நிசான் அதற்கு வழி வைத்திருக்கலாம். நிசானுக்கும் மற்ற கம்பெனிகளுக்கும் கம்பியும் கவசமும் அடைப்பானும் செய்து தரும் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பட்டறைகள், தங்கள் பாகத்தின் பிறப்புக்கு உறுதிமொழி எழுதித் தரச்சொல்லி வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கின்றன.